பழைய காரை நீங்களே பழுதுபார்த்தால் காப்பீட்டுப் பணம் எவ்வளவு வரும், எங்கே சிக்கும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் நகரில் 45 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து, கடலூரில் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம். இந்தக் கரையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் காப்பீட்டுக் கேள்வி புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே குழப்பம்: வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடரையோ பத்மினியையோ நாமே பிரித்து, நாமே பழுதுபார்த்தால் கிளைம் கிடைக்குமா? கிடைத்தால் எவ்வளவு?

கிடைக்கும். ஆனால் காப்பீட்டுக் கணக்கு போடப்படும் முறை, சொந்தமாகப் பழுதுபார்ப்பவரை அதிகம் பாதிக்கும் விதத்தில் அமைந்திருக்கிறது. அந்தக் கணக்கு புரிந்தால் இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு அதைச் சொல்கிறது. அது உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும் உரியது. உங்கள் காரின் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

சொந்த வண்டிக்குப் பணம் வர வேண்டுமானால் ‘சொந்தச் சேதம்’ என்ற பகுதியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி வேண்டும். ஊரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்பார்களே, அதுதான். 15 வயதைத் தாண்டிய கார்களுக்குப் பல நிறுவனங்கள் இந்தப் பகுதியைத் தரத் தயங்கும். இணையத்தில் புதுப்பித்தால் மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே காட்டும். அதனால் பழைய கார் வைத்திருக்கும் பலர், தங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டே வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், வண்டியைக் காட்டிக் கேட்டால் தருகிற இடங்கள் உண்டு.

உங்கள் கார் விண்டேஜா, வெறும் பழைய காரா?

இங்கே இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. இரண்டையும் கலப்பதால்தான் பாதிக் குழப்பம்.

1. பதிவுக்கான வரையறை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம் இது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக் கட்டணம் ₹20,000. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் பதிவான காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

2. காப்பீட்டுக்கான வரையறை. 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் கிளப்பின் சான்று பெற்ற கார்தான் விண்டேஜ். சேதம் வந்தால் இன்ன தொகை என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியை இந்தக் கார்களுக்கு மட்டுமே அந்த விதிகள் அனுமதித்தன. 2007-ல் சொந்தச் சேதப் பிரீமியத்தின் மீதான கட்டுப்பாடு விலகியது. பாலிசி வாசகங்கள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன.

இப்போது நம் ஊர்க் கார்களை இதில் வைத்துப் பாருங்கள். அம்பாசிடர் உற்பத்தி 1958-ல் தொடங்கி 2014-ல் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1960-களின் வண்டி. பத்மினி என்ற பெயரே 1970-களில்தான் வந்தது. ஆக, ஹெரால்டும் அக்காலத்து அம்பாசிடரும் பதிவு விதிப்படி விண்டேஜ் ஆகலாம். காப்பீட்டு விதிப்படி ஆகாது. 1985 பத்மினியும் 1992 அம்பாசிடரும் இரண்டிலும் சேராது. நாம் எவ்வளவு அருமையாகப் போற்றினாலும், பாலிசி அவற்றை வயதான கார் என்றுதான் பார்க்கிறது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அத்தகைய கார்களைப் பற்றியது.

(டெல்லியில் 15 வயதான பெட்ரோல் கார்களுக்கு வந்த தடையைச் செய்தியில் பார்த்துவிட்டு இங்கேயும் பலர் பயந்தார்கள். அது தலைநகர் வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ அப்படி ஒரு தடை இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் எப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்தால் போதும்.)

ஐ.டி.வி.: எல்லாவற்றுக்கும் மேல் வரம்பு

பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடுபோனாலோ, முற்றாக அழிந்தாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை அது. ஐந்து வயது வரை அதற்கு அட்டவணை உண்டு: புது வண்டி விலையில் ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, பிறகு படிப்படியாக ஏறி நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் 50 சதவீதம். ஐந்து வயதைத் தாண்டினால் அட்டவணை கிடையாது. நிறுவனமும் உடைமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி.

பழைய கார்க்காரர்கள் தவறவிடும் முக்கியமான வாய்ப்பு இது. பேசி ஒப்புக்கொள்ளலாம் என்று விதியே சொல்லும்போது, ஏஜென்ட் எழுதிய தொகையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிரீமியம் குறையும் என்று ₹30,000-க்கும் ₹40,000-க்கும் எழுதப்பட்ட தொகை அப்படியே ஆண்டுதோறும் தொடர்கிறது. இன்னொரு வாசகமும் பாலிசியில் இருக்கிறது: முழு இழப்பு கிளைமில் அந்த ஐ.டி.வி.யே பாலிசிக் காலம் முழுதும் சந்தை மதிப்பாகக் கருதப்படும். மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. அதாவது, 1940-க்குப் பிந்தைய காருக்கும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு மிக நெருக்கமான ஒரு பாதுகாப்பு இந்த ஒரு வரியில் கிடைக்கிறது. புதுப்பிக்கும் நேரத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்கு வெறும் வாய்ப்பேச்சு போதாது. உரிமம் பெற்ற சர்வேயரிடம் (காப்பீட்டுக்காகச் சேதத்தையும் மதிப்பையும் கணக்கிடுபவர்) மதிப்பீட்டுச் சான்று வாங்குங்கள். பாடி, உட்புறம், என்ஜின், அடித்தளம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். செலவு செய்த பில்களைச் சேர்த்துவையுங்கள். இவற்றோடு கிளை அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிவிடுங்கள்.

தேய்மானக் கழிவு எப்படி வேலை செய்கிறது

கார் முழுதாக அழியாமல் சேதம் மட்டும் அடைந்தால், மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கழிவு உண்டு.

1. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி: 50 சதவீதம்.
2. ஃபைபர் பாகங்கள்: 30 சதவீதம்.
3. கண்ணாடி: கழிவு இல்லை.
4. மரம், இரும்பு உட்பட மற்ற பாகங்கள்: வண்டியின் வயதுப்படி. ஐந்திலிருந்து பத்து வயது வரை 40 சதவீதம், பத்துக்கு மேல் 50 சதவீதம்.
5. பெயின்ட்: பொருள் செலவில் மட்டும் 50 சதவீதம். கூலியும் பொருளும் சேர்த்து ஒரே பில்லாக இருந்தால், மொத்தத்தில் 25 சதவீதம் பொருள் செலவு என்று எடுத்துக்கொள்வார்கள்.
6. டிங்கரிங், வெல்டிங், பொருத்தும் கூலி: கழிவு இல்லை.

இந்தக் கழிவை நீக்க, பாலிசியோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ‘ஜீரோ டெப்’ சேர்க்கை புதிய கார்களுக்கானது. முப்பது வயது அம்பாசிடருக்குத் தர மாட்டார்கள். இவற்றுக்கு மேல் கட்டாயக் கழிவு ஒன்றும் உண்டு: 1500 சி.சி. வரை ₹1,000, அதற்கு மேல் ₹2,000. அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சி.சி., பத்மினி 1089 சி.சி. இரண்டுக்கும் ₹1,000. இசுசு 1.8 லிட்டர் என்ஜின் வைத்த அம்பாசிடருக்கு ₹2,000.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1992 அம்பாசிடர், ஐ.டி.வி. ₹80,000 என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்பக்கம் மோதிவிட்டது. எஸ்டிமேட் (தொகைகள் விளக்கத்துக்காக):

- மட்கார்டு, பம்பர் உள்ளிட்ட இரும்புப் பாகங்கள் ₹18,000
- ரப்பர் பீடிங் முதலியவை ₹3,000
- ஹெட்லைட் கண்ணாடி ₹2,000
- பெயின்டிங், பொருளும் கூலியும் சேர்த்து ₹16,000
- டிங்கரிங் கூலி ₹14,000

மொத்தம் ₹53,000. இதில் காப்பீடு ஏற்பது: இரும்பு ₹9,000, ரப்பர் ₹1,500, கண்ணாடி ₹2,000. பெயின்டிங்கில் பொருள் பங்கு ₹4,000, அதில் பாதி கழிந்து ₹14,000. டிங்கரிங் முழுதாக ₹14,000. கூட்டினால் ₹40,500. கட்டாயக் கழிவு ₹1,000, கழற்றிய இரும்பின் காயலான் கடை மதிப்பு ₹500 என்று வைத்தால், கையில் வருவது ₹39,000.

சரி, இப்போது இதே காரை ஷெட்டுக்கு அனுப்பாமல் உடைமையாளரே டிங்கரிங் செய்து, அவரே பெயின்ட் அடிக்கிறார். அவரிடம் இருப்பது பாகம் வாங்கிய பில்களும், ₹4,000-க்குப் பெயின்ட் வாங்கிய பில்லும். பில்லை மட்டும் பார்த்தால் கணக்கு இப்படிச் சுருங்கும்: இரும்பு ₹9,000, ரப்பர் ₹1,500, கண்ணாடி ₹2,000, பெயின்ட் ₹2,000. மொத்தம் ₹14,500. கழிவுகள் ₹1,500 போக ₹13,000.

₹39,000 எங்கே, ₹13,000 எங்கே. காப்பீட்டில் முழுதாகக் கிடைப்பது கூலி; பாதியாகக் கிடைப்பது பாகம். சொந்தக் கையால் வேலை செய்பவர் முழுதாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, பாதியாகக் கிடைப்பதை மட்டும் கேட்கிறார். அவருடைய உழைப்புக்குப் பில் இல்லை என்பதால் அது கணக்கிலேயே வராமல் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சேதம் ஒன்றுதான், அதைச் சரிசெய்தது யார் கை என்பதால் சேதத்தின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் நியாயம் பேசுவதைவிட, வழி தேடுவது பயன்.

வழி: ‘கேஷ் லாஸ்’ முறை

சர்வேயர் ஒரு இழப்பை நான்கு விதமாக மதிப்பிடலாம். பழுதுபார்த்த பில்லின் அடிப்படையில். பழுது பார்ப்பதற்கு முன்பே, ஆகக்கூடிய செலவைக் கணக்கிட்டுப் பணமாகத் தரும் கேஷ் லாஸ் அடிப்படையில். சிதைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துத் தரும் ‘நெட் ஆஃப் சால்வேஜ்’ அடிப்படையில். முழு இழப்பு அடிப்படையில்.

சொந்தமாகப் பழுதுபார்ப்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது. இதில் ஒரு ஷெட் எவ்வளவு கூலி கேட்கும் என்று எஸ்டிமேட் இருக்கிறதோ, அதன் மேல் சர்வேயர் தன் மதிப்பீட்டைப் போடுகிறார். பணம் வந்த பிறகு யார் வேலை செய்தார்கள் என்பது உடைமையாளர் விஷயம். ஷெட்டுக்குப் போனால் வரும் முழுத் தொகை இதில் வராது. நிறுவனம் ஓரளவு குறைத்தே ஒப்புக்கொள்ளும். இருந்தாலும் பில்லை மட்டும் நம்பியிருப்பதைவிட இது மேல். பாலிசி வாசகமும் இதற்கு இடம் தருகிறது: நிறுவனம் தன் விருப்பப்படி வண்டியைப் பழுதுபார்த்துத் தரலாம், மாற்றித் தரலாம், அல்லது இழப்பைப் பணமாகத் தரலாம். தேர்வு நிறுவனத்துடையது என்பதைக் கவனியுங்கள். அதனால் கேஷ் லாஸ் வேண்டும் என்பதைச் சர்வே நடக்கும்போதே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் பில் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இன்னொரு உபாயம் நடுவழி. டிங்கரிங்கையும் பெயின்டிங்கையும் பில் தரும் ஷெட்டில் கொடுத்துவிட்டு, கழற்றிப் பூட்டுவது, மெருகேற்றுவது, உள்வேலை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்வது. பல கார்களுக்கு இதுதான் கணக்குக்கு ஒத்துவரும். பழைய காருக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நசுங்கிய மட்கார்டு, பம்பர் முதலியவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு ₹18,000-க்கு வேறு வாங்கினால் ₹9,000 வரும். அவற்றையே நல்ல டிங்கர் தட்டி, வெட்டி, வெல்டு வைத்து ₹12,000 கூலியில் மீட்டால், கூலிக்குக் கழிவு இல்லாததால் ₹12,000-மும் ஏற்கத்தக்கது. வண்டியின் அசல் தகடும் போகாமல் இருக்கும்.

சேதம் நடந்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

1. உடனே எழுத்தில் தகவல். தொலைபேசியில் சொன்னாலும், மின்னஞ்சலும் அனுப்பிக் கிளைம் எண்ணை வாங்குங்கள். வண்டி புதுச்சேரிப் பதிவாக இருந்து சேதம் கடலூரில் நடந்தாலும் தடையில்லை. பாலிசி நாடு முழுதும் செல்லும்.

2. எதையும் பிரிக்காதீர்கள். கை துருதுருக்கும். பானெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். சர்வேயர் பார்க்காத சேதம் கிளைமில் இல்லாத சேதம். உடைமையாளர் தானே பழுதுக்கு உத்தரவு கொடுக்கலாம் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதன் வரம்பு ₹500. விரிவான எஸ்டிமேட்டையும் உடனே அனுப்ப வேண்டும். இன்றைய விலையில் அந்த ₹500-க்கு ஒரு ஹெட்லைட் ரிம்கூடச் சரிப்படாது.

3. மேலும் சேதமாகாமல் காப்பது உங்கள் கடமை. தார்ப்பாய் போடுவது, தண்ணீரிலிருந்து மேட்டுக்குத் தள்ளுவது எல்லாம் செய்யலாம், செய்ய வேண்டும். சேதத்தோடு ஓட்டிப்போய் அதனால் கூடுதல் சேதம் வந்தால் அது உங்கள் தலையில். ரிக்கவரி வண்டிக்குப் பாலிசியிலேயே ₹1,500 வரை உண்டு.

4. சர்வே இரண்டு கட்டமாக நடக்கட்டும். வெளியே தெரிவதை முதலில் பார்க்கட்டும். உள்சேதத்துக்கு, அவர் முன்னிலையிலோ அவர் எழுத்தில் அனுமதித்த பிறகோ பிரித்து, மீண்டும் காட்டுங்கள். சேதம் ₹50,000-ஐத் தொட்டால் உரிமம் பெற்ற சர்வேயர்தான் வர வேண்டும்.

5. எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதுங்கள். பாகம் தனி, டிங்கரிங் கூலி தனி, பெயின்ட் பொருள் தனி, பெயின்டிங் கூலி தனி. கழிவு வேறு வேறு விகிதத்தில் வருவதால், எல்லாம் சேர்ந்த ஒற்றைத் தொகை உங்களுக்கே நட்டம்.

6. பாகம் கிடைக்காததற்கு ஆதாரம். உற்பத்தி நின்ற காருக்குப் பாகம் சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோதான் கிடைக்கும். பழைய பாகம் வாங்கினாலும் கடைப் பெயர், தேதி, பாகத்தின் பெயர் உள்ள பில் வேண்டும். புதிது கிடைக்கவில்லை என்று இரண்டு கடைகளில் எழுதி வாங்கிவிட்டால், பழைய பாகத்தின் விலையைச் சர்வேயர் ஏற்பது எளிது.

7. கழற்றிய பாகங்களை வைத்திருங்கள். மறு ஆய்வின்போது காட்டச் சொல்வார்கள். காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் மாற்றியதற்கு நிரூபணம் இல்லாமல் போகும்.

கால வரம்புகளும் தெரிந்திருக்கட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, கிளைம் பதிவாகி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். புயல் சமயத்தில் ஊர் முழுக்கக் கிளைம் குவிந்து கிடக்கும். அப்போதும் இந்த நாட்களைச் சொல்லி நினைவூட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருங்கள்.

துரு: கடலோரக் கார்களின் முக்கியத் தகராறு

கடலூர் முதுநகரிலும் புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் நிற்கும் பழைய கார்களின் தகட்டில் உப்புக்காற்றின் வேலை தெரியாமல் இருக்காது. தேய்மானம், துரு, தானாக வந்த இயந்திரக் கோளாறு ஆகியவை பாலிசியில் விலக்கு. அதனால் மோதலில் கிழிந்த ரன்னிங் போர்டைப் பார்த்தாலும் சர்வேயர் ‘இது ஏற்கெனவே அரித்துப் போனது’ என்று எழுத வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பதில் சேதத்துக்கு முந்தைய படங்களில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், வண்டியைத் தூக்கி அடிப்புறம், கதவுக் கீழ்விளிம்பு, டிக்கித் தரை ஆகியவற்றைப் படம் எடுத்துவைத்தால் விவாதம் அங்கேயே முடியும். சேதத்தைச் சரிசெய்யும்போது பக்கத்தில் இருக்கும் பழைய துருவையும் சேர்த்துச் சரிசெய்வீர்கள்; அது இயல்பு. அந்த வேலையைத் தனி பில்லாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் கலந்தால், நியாயமான பகுதியின் மீதும் சந்தேகம் விழும்.

தண்ணீரில் நின்ற கார்

வெள்ளமும் புயலும் பாலிசியில் உள்ள ஆபத்துகளே. தண்ணீர் புகுந்து சீட், வயரிங், டைனமோ கெட்டால் கிளைம் உண்டு. சிக்கல் என்ஜினில். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இதை வெள்ளச் சேதமாகக் கருதாமல், ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று நிறுவனங்கள் மறுக்கும். அதற்கான ‘என்ஜின் புரொடெக்ட்’ சேர்க்கையும் பழைய கார்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் வடிந்ததும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எட்டிய உயரம் தெரியப் படம் எடுத்துவிட்டு, சர்வேயர் வரும் வரை சாவியைத் தொடாமல் இருக்க வேண்டும். தெருவில் நின்று ‘ஒரு தடவை அடிச்சுப் பாருங்க’ என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்காதீர்கள்.

முழு இழப்பு என்று எழுதிவிட்டால்

மீட்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கணக்கிட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்புக்குச் சமம். நம் உதாரணத்தில் ஏற்கத்தக்க செலவு ₹40,500. ஐ.டி.வி. ₹80,000 என்றால் வரம்பு ₹60,000, பிரச்சினை இல்லை. ஐ.டி.வி. ₹50,000 என்று எழுதியிருந்தால் வரம்பு ₹37,500. அதே மட்கார்டு, அதே பம்பர். ஆனால் கார் காகிதத்தில் செத்துவிட்டது. சில நூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடித்ததன் விளைவு இது.

முழு இழப்பில் பணம் வாங்கும்போது ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ரத்து செய்யச் சொல்வார்கள். அழிந்துபோன வண்டியைப் பற்றி 14 நாளில் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. ஆர்.சி. ரத்தானால் அந்த எண்ணோடு அந்தக் கார் மீண்டும் சாலைக்கு வராது. பழைய காரை மீட்க நினைப்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளும் முன் நிதானிக்க வேண்டும். வண்டியைப் பழுதுபார்க்க முடியும் என்றால், கேஷ் லாஸ் முறையையோ, ஆர்.சி.யோடு வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளும் நெட் ஆஃப் சால்வேஜ் முறையையோ எழுத்தில் கேளுங்கள். தொகை குறையும், கார் உயிரோடு இருக்கும்.

கிளைமையே கவிழ்க்கும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, காலாவதியான பதிவு. 15 ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் பாலிசி உயிரோடு இருந்தும் பயன் இல்லை. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது அடிப்படை நிபந்தனை மீறல் என்று 2014-ல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, சொல்லாமல் செய்த மாற்றம். பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் என்ஜின் ஏற்றியது, எல்.பி.ஜி. கிட் பொருத்தியது இதெல்லாம் இந்தக் கார்களில் சகஜம். அவை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். பழைய கார் வாங்குபவர், என்ஜின் எண்ணைத் தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகே பாலிசி எடுப்பது நல்லது. கிளைமின்போது சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

மறுத்தால், குறைத்தால்

சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். அறிக்கையே கடைசி வார்த்தை ஆகாது; தக்க காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கழிவு தவறான விகிதத்தில் இருந்தால், கூலிக்கும் சேர்த்துக் கழித்திருந்தால், அந்த வரியைச் சுட்டிக்காட்டி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் புகார் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கடலூருக்கும், புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ₹50 லட்சம் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு அவகாசம் இரண்டு ஆண்டு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேன் மனுவை ஏற்க மாட்டார் என்பதால், செலவில்லாத ஆம்புட்ஸ்மேனை முதலில் முயல்வது நல்லது. மனுவோடு எஸ்டிமேட், படங்கள், கேஷ் லாஸ் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், கழற்றிய பாகங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்துவிடுங்கள்.